திசு வளர்ப்பில் மருந்துப் பொருள்: எந்தச் செடிக்கு எந்த முறை?

கேள்வி இதுதான்: மருத்துவச் செடிகளை வயலில் வளர்க்காமல், ஆய்வகத்தில் திசு வளர்ப்பு மூலம் அவற்றின் மருந்துப் பொருளை மட்டும் தயாரிக்க முடியுமா? அதற்கு என்னென்ன முறைகள் இருக்கின்றன? முடியும் என்றால் ஏன் எல்லா மருந்தும் அப்படி வருவதில்லை?

முடியும். நாற்பது ஆண்டுகளாகத் தொழிற்சாலை அளவிலேயே நடந்து வருகிறது. ஆனால் வெற்றி பெற்றவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏன் இவ்வளவு குறைவு என்பது புரிந்தால் எந்தச் செடிக்கு எந்த முறை என்பதும் பாதி புரிந்துவிடும். அதனால் மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு செடியின் எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். ஆகவே எந்தச் செல்லை எடுத்து வளர்த்தாலும் அந்தச் செடி செய்யும் பொருளை எல்லாம் அதுவும் செய்யும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. நாம் மருந்தாகப் பயன்படுத்தும் ஆல்கலாய்டு, டெர்பினாய்டு, பீனால் வகைப் பொருட்கள் செடியின் அன்றாட வளர்ச்சிக்குத் தேவையானவை அல்ல. பூச்சியை விரட்ட, பூஞ்சையைத் தடுக்க, வெயிலைத் தாங்க என்று குறிப்பிட்ட உறுப்பில், குறிப்பிட்ட வகைச் செல்லில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அவை உருவாகின்றன. பெல்லடோனாவின் இலையில் அட்ரோபைன் குடும்ப ஆல்கலாய்டுகள் கிடைக்கும். ஆனால் அவை உருவாவது வேரில், அங்கிருந்துதான் இலைக்கு ஏறி வருகின்றன. மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் உருவாவது இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பு மயிர்களில். வேரும் இலையும் மயிரும் இல்லாத வெறும் கல்லஸ் (ஆய்வகத்தில் வளரும் உருவமற்ற செல் திரள்) கட்டியிடம் போய் இவற்றைக் கேட்டால் அது எங்கிருந்து கொடுக்கும்?

ஊடகம் (செல்லுக்கு உணவான கரைசல் அல்லது கூழ்), ஹார்மோன் எல்லாம் அப்புறம். வேண்டிய பொருள் செடியின் எந்த இடத்தில் உருவாகிறது, எங்கே சேமிக்கப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள். முறையைத் தீர்மானிப்பது அதுதான்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1902இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹேபர்லாண்ட், தனிச் செல்லுக்கும் முழுச் செடியாக வளரும் திறன் உண்டு என்ற கருத்தை முன்வைத்தார். அவர் வளர்த்த செல்கள் உயிரோடு இருந்தன, பருத்தன, ஆனால் பிரியவில்லை. தாவர ஹார்மோன்கள் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. 1939 வாக்கில் பிரான்சில் கோதெரேயும் நோபெகூரும், அமெரிக்காவில் ஒயிட்டும், தாவரத் திசுவைத் தொடர்ந்து வளர்த்துக் காட்டினார்கள். 1957இல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலையில் கண்டது இன்றைக்கும் பாலபாடம். ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரண்டு தாவர ஹார்மோன்களில் ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தண்டு, இரண்டும் சமமாக இருந்தால் உருவமில்லாத கல்லஸ். இன்று எல்லோரும் கலக்கும் எம்எஸ் ஊடகத்தை முராஷிகேயும் ஸ்கூக்கும் வெளியிட்டது 1962இல். அதற்கும் முன்னாலேயே, 1956இல், செல் வளர்ப்பின் மூலம் தாவரப் பொருட்களைத் தயாரிக்கும் முறைக்கு ஃபைசர் நிறுவனம் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டது! ஆசை அவ்வளவு பழையது.

கைவேலையில் முதல் படி, பிரிகூறு என்று சொல்லும் சிறு துண்டைக் கிருமி இல்லாமல் எடுப்பது. இலைத்துண்டு என்றால் 70 சதவீத எத்தனாலில் அரை நிமிடம், பிறகு ஒன்று அல்லது இரண்டு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சுமார் பத்து நிமிடம், அதன்பின் கிருமி நீக்கிய நீரில் மூன்று நான்கு அலசல். வெளியே எடுக்கும்போது வெட்டு விளிம்பு வெளிறியிருக்கும். அந்த விளிம்பைச் சீவி எறிந்துவிட்டு உள்பகுதியைத்தான் ஊடகத்தில் வைக்க வேண்டும். செத்த விளிம்போடு வைத்தால் பாதித் துண்டுகள் கண் திறக்காது. மண்ணிலிருந்து எடுத்த வேர் இன்னும் பெரிய தலைவலி. அதன் உள்ளேயே பாக்டீரியா குடியிருக்கும். வெளியே எவ்வளவு கழுவினாலும், எல்லாம் சுத்தம் என்று நினைத்திருக்கும்போது துண்டின் அடியில் கலங்கலாக ஒரு வளையம் தெரியும். அதனால் விதையைக் கிருமி நீக்கிக் குடுவைக்குள்ளேயே முளைக்க வைத்து, அந்த நாற்றிலிருந்து துண்டு எடுப்பது நல்லது. நேரம் கூடுதலாகும், மனநிம்மதி நிச்சயம்.

மருத்துவச் செடிகளுக்கே உரிய இன்னொரு தொல்லை, வெட்டிய இடம் பழுப்பேறிக் கறுப்பது. பீனால் பொருட்கள் கசிந்து, காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றமாகி, சுற்றிலும் ஊடகத்தைக் கூழாக்கியிருக்கும் அகாரையும் பழுப்பாக்கிவிடும். ஆஸ்கார்பிக் அமிலக் கரைசலில் நனைப்பது, ஊடகத்தில் பீனாலைப் பிடித்துவைக்கும் பிவிபி சேர்ப்பது, முதல் சில நாட்களுக்கு இருட்டில் வைப்பது, அடிக்கடி புது ஊடகத்துக்கு மாற்றுவது எல்லாம் உதவும். செயலூட்டிய கரியும் சேர்ப்பார்கள். ஆனால் கரி பீனாலோடு ஹார்மோனையும் உறிஞ்சிக்கொள்ளும். அது தெரியாமல் 'ஹார்மோன் வேலை செய்யவில்லை' என்று அளவை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

சில வாரங்களில் கல்லஸ் வரும். எல்லாக் கல்லஸும் ஒன்றல்ல. இடுக்கியால் தொட்டதும் பொலபொலவென்று உதிர வேண்டும். அதுதான் அடுத்த கட்டத்துக்கு ஏற்றது. கெட்டியாக, இடுக்கிக்கு வழுக்கிக்கொண்டு போகும் கட்டியைத் திரவத்தில் போட்டால் கட்டியாகவே கிடக்கும். உதிரும் கல்லஸைத் திரவ எம்எஸ் ஊடகத்தில் போட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 சுற்று வேகத்தில் ஆட்டினால் செல்களும் சிறு செல் கொத்துகளும் மிதக்கும் வளர்ப்பு கிடைக்கும். இதையே சஸ்பென்ஷன் என்கிறோம். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியை எடுத்துப் புது ஊடகத்தில் விட வேண்டும்.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம் வருகிறது. செல் நன்றாகப் பெருகும் ஊடகத்தில் மருந்துப் பொருள் வராது. மருந்துப் பொருள் வரும் ஊடகத்தில் செல் பெருகாது. நைட்ரஜனும் பாஸ்பேட்டும் தாராளமாக இருக்கும்வரை செல்லின் கவனமெல்லாம் பெருகுவதில்தான். அவை குறைந்து சர்க்கரை மட்டும் மிச்சமிருக்கும் நிலையில்தான் பல செடிகளின் செல்கள் இரண்டாம் நிலைப் பொருட்களின் (வளர்ச்சிக்குத் தேவைப்படாத, மேலே சொன்ன வகைப் பொருட்களின்) பக்கம் திரும்புகின்றன. 2,4-டி என்ற ஆக்சின் கல்லஸை வளர்க்கக் கெட்டிக்காரன். ஆனால் பல செடிகளில் மருந்துப் பொருளை அமுக்கிவிடும். எனவே முதலில் வளர்ச்சி ஊடகம், பிறகு உற்பத்தி ஊடகம் என்று இரண்டு கட்டமாகப் பிரிக்க வேண்டும்.

இதை முதலில் தொழிற்சாலையில் செய்து காட்டியது ஜப்பான். முராசாகி என்ற செடியின் வேரில் ஷிகோனின் என்ற சிவப்பு நிறமி இருக்கிறது. காயம், தீப்புண் ஆற்ற அங்கே காலங்காலமாகப் பயன்பட்டது. செடி வளரப் பல ஆண்டுகள் ஆகும், அதன் பிறகும் உலர்ந்த வேரில் ஒன்றிரண்டு சதவீதம்தான் நிறமி. கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தபாத்தா குழுவினர் இதன் செல்களை ஆராய்ந்தபோது சில விஷயங்கள் தெளிவாயின. வெளிச்சம் பட்டால் நிறமி வராது. அம்மோனியம் இருந்தால் வராது, நைட்ரஜன் முழுக்க நைட்ரேட்டாக இருக்க வேண்டும். 2,4-டி ஆகாது. தாமிரம் கூடினால் நிறமி கூடும். வேர் இருட்டில், மண்ணுக்குள் இருக்கும் உறுப்பு என்பதை நினைத்தால் வெளிச்சம் ஆகாது என்பதில் ஆச்சரியமில்லை. இதை வைத்து மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் முதல் தொட்டியில் செல்களைப் பெருக்கி, வடிகட்டி, அம்மோனியம் இல்லாத, தாமிரம் மிகுந்த ஊடகம் கொண்ட 750 லிட்டர் தொட்டிக்கு மாற்றியது. வெளிறிய செல்கள் அங்கே நாளுக்கு நாள் சிவந்து, கடைசியில் தொட்டி முழுக்க அடர்சிவப்பாகிவிடும். சில வாரங்களில் செல்லின் உலர் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் ஷிகோனின். 1983இல் சந்தைக்கு வந்தது. பெரும்பகுதி உதட்டுச்சாயத்துக்குப் போனது என்பது வேறு கதை.

இந்த வெற்றியில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பொருள் நிறமுள்ளது. எந்தச் செல் கொத்து அதிகம் செய்கிறது என்று கண்ணாலேயே பார்த்துப் பொறுக்கி எடுக்கலாம். நிறமில்லாத ஆல்கலாய்டுக்கு அந்த வசதி கிடையாது; ஒவ்வொரு கொத்தையும் சாறெடுத்து கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த பெரிய வெற்றி பேக்லிடாக்சல். பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த புற்றுநோய் மருந்து. இதன் மூலக்கூறு அமைப்பை வாணியும் வாலும் குழுவினரும் 1971இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 1992இல் சூலகப் (சினைப்பை) புற்றுக்கு அனுமதி கிடைத்தது. பட்டையில் இருப்பதோ உலர் எடையில் 0.01 சதவீத அளவில்தான். பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும்; யூ மெதுவாக வளரும் மரம். ஒரு நோயாளியின் சிகிச்சைக்கே பல மரங்கள் தேவைப்பட்டன. முதலில் ஐரோப்பிய யூவின் ஊசியிலையிலிருந்து ஒரு முன்னோடிப் பொருளை எடுத்து, வேதிமுறையில் மீதியைச் சேர்த்துச் சமாளித்தார்கள். பிறகு யூ செல்களைத் தொட்டியில் வளர்க்கும் முறை வந்தது. ஜெர்மனியில் ஃபைட்டன் நிறுவனத்தின் தொட்டிகள் 75,000 லிட்டர் வரை போகின்றன. இந்த முறைக்கு மாறியதற்காக பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் 2004இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது.

யூ செல்களிடமிருந்து பேக்லிடாக்சலை வரவழைக்க மிகவும் உதவிய பொருள் மெத்தில் ஜாஸ்மோனேட். பூச்சி கடித்தால் செடி தன் உடம்புக்குள் அனுப்பும் அபாயச் சமிக்ஞைகளில் ஜாஸ்மோனேட் முக்கியமானது. அதை நாமே ஊடகத்தில் விட்டால், கடிக்காத பூச்சிக்கும் செல் ஆயுதம் தயாரிக்கத் தொடங்கிவிடும். இப்படிப்பட்ட பொருட்களைத் தூண்டிகள் என்கிறோம். சாலிசிலிக் அமிலம், கைட்டோசான், ஈஸ்ட் சாறு, பூஞ்சைச் சுவரின் துணுக்குகள் எல்லாம் இந்த வகையே. கசகசாச் செடியின் செல்களில் பூஞ்சைத் துணுக்கைச் சேர்த்தால் சாங்குயினரின் என்ற ஆல்கலாய்டு பெருகும். ஆனால் எல்லோரும் விரும்பும் மார்ஃபின் வராது. காரணம் பழையதுதான்: மார்ஃபினுக்குச் செடியின் பால் இருக்கும் பால்குழாய் அமைப்பு வேண்டும், மிதக்கும் செல்லிடம் அது இல்லை.

தூண்டியை எப்போது சேர்ப்பது என்பது அளவைவிட முக்கியம். சீக்கிரம் சேர்த்தால் செல் வளராமல் நின்றுவிடும். வளர்ச்சி வேகமெடுத்து முடியும் தறுவாயில், போதுமான செல் சேர்ந்த பிறகு சேர்க்க வேண்டும். அப்போது சர்க்கரையும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். பொருள் செல்லுக்கு வெளியே கசியும் வகை என்றால் ஊடகத்தில் உறிஞ்சும் பிசின் மணிகளைப் போட்டு வைப்பதும் உண்டு. பொருள் வெளியேற வெளியேற மணி இழுத்துக்கொள்வதால் செல்லுக்குப் 'போதும்' என்ற உணர்வே வருவதில்லை, தன் நஞ்சில் தானே சாவதும் இல்லை.

சரி, தோல்விக்கு வருவோம். நித்தியகல்யாணி இதற்குச் சரியான உதாரணம். அதிலிருந்து வரும் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் புற்றுநோய் சிகிச்சையில் தவிர்க்க முடியாதவை. இலையில் இருக்கும் அளவோ மிகச் சொற்பம். செல் வளர்ப்பில் தலைமுறை தலைமுறையாக முயன்றிருக்கிறார்கள். வின்பிளாஸ்டினின் ஒரு பாதியான கேத்தரான்தின் வரும், அஜ்மாலிசின் என்ற வேறொரு ஆல்கலாய்டும் வரும். வின்பிளாஸ்டினின் மறுபாதியான விண்டோலின் மட்டும் வராது. ஏன் என்பது பின்னால் தெரிந்தது. இலையின் உள்ளே நரம்பை ஒட்டிய செல்களில் முதல் படிகள். மேல்தோல் செல்களில் நடுப் படிகள். ஒரு படி பசுங்கணிகத்துக்குள். கடைசிப் படிகள் பால் செல்கள் போன்ற சிறப்புச் செல்களில். கேத்தரான்தினோ இலையின் மேற்பரப்பு மெழுகில் போய்ச் சேர்கிறது. ஒரே பொருளைச் செய்ய இத்தனை வகைச் செல்கள் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். எல்லாச் செல்லும் ஒன்றுபோல் இருக்கும் மிதவை வளர்ப்பில் அந்தக் கைமாற்றத்துக்கு ஆளே இல்லை. எவ்வளவு தூண்டி ஊற்றினாலும் இல்லாத செல்லைத் தூண்ட முடியாது. 2022இல் இந்த இரண்டு பாதிகளையும் ஈஸ்ட்டில் செய்து காட்டினார்கள். தாவர மரபணுக்களை வரிசையாக ஈஸ்ட்டுக்குள் புகுத்தி, பிறகு வேதிமுறையில் இணைத்து. ஆர்ட்டெமிசினினிலும் ஈஸ்ட் வழி வந்துவிட்டது. திசு வளர்ப்புக்கு உண்மையான போட்டி வயல் மட்டுமல்ல, இந்த ஈஸ்ட்டும்தான்.

செல்லால் முடியாததைப் பல நேரம் உறுப்பால் முடிக்கலாம். பொருள் வேரில் உருவாகிறதென்றால் வேரையே வளர்க்க வேண்டியதுதானே? அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியா, காயப்பட்ட செடிக்குள் தன் ஆர்ஐ பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தின் ஒரு துண்டு டிஎன்ஏவைப் புகுத்துகிறது. அதிலுள்ள ரோல் மரபணுக்களால் அந்த இடத்தில் கிளைத்துக் கிளைத்து வேர்கள் கிளம்பும். இவைதான் மயிர்வேர்கள். வேர்நுனியை வெட்டி, ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பாக்டீரியாவை ஒழித்துவிட்டால், ஹார்மோனே இல்லாத ஊடகத்தில் வேர் மட்டும் தானாக வளர்ந்துகொண்டே இருக்கும். தாய்ச்செடியின் வேர் என்ன செய்யுமோ அதையே இதுவும் செய்யும். ஆண்டுக்கணக்கில் குணம் மாறாது. பெல்லடோனா, குரோசாணி ஓமம் வகைகளில் அட்ரோபைன் குடும்ப ஆல்கலாய்டுகள் மயிர்வேரில் நன்றாக வருகின்றன. 1992இல் ஜப்பானில் யமதா, ஹஷிமோத்தோ குழுவினர், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹயோசயமினை ஸ்கோபோலமினாக மாற்றும் நொதியின் மரபணுவைப் பெல்லடோனாவில் கூடுதலாகப் புகுத்தி, செடியில் பெருமளவு ஸ்கோபோலமினையே சேர வைத்தார்கள். வேருக்காகப் பயன்படும் அஸ்வகந்தா, கேம்ப்டோதெசின் தரும் ஓஃபியோரைசா என்று பட்டியல் நீளும்.

பாக்டீரியா வேண்டாம், மரபணு மாற்றம் என்ற முத்திரையும் வேண்டாம் என்றால் ஐபிஏ போன்ற ஆக்சின் கொடுத்து வேற்றிட வேர்களை (வழக்கமான இடத்தில் அல்லாமல் கிளம்பும் வேர்களை) வளர்க்கலாம். கொரியாவில் ஜின்செங் வேர்களை 10,000 லிட்டர் காற்றூட்டத் தொட்டிகளில் இப்படித்தான் வளர்க்கிறார்கள். என்னைக் கேட்டால், வேர்ப்பொருளுக்கு உடனடியாகப் பயன்தரும் முறை இதுதான்; பொருளை உணவிலோ அழகுசாதனத்திலோ சேர்ப்பதாக இருந்தால் அனுமதி வாங்குவதும் ஒப்பீட்டளவில் எளிது. இலைப்பொருளுக்குத் தண்டுத் திரள் வளர்ப்பு இருக்கிறது. பிரம்மியின் பாக்கோசைடுகளுக்கு இது பொருந்துகிறது. ஆனால் இலைக்கு வெளிச்சம் வேண்டும், பெரிய தொட்டியின் நடுவே வெளிச்சத்தைக் கொண்டுபோவது சிரமம்.

தொட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. நுண்ணுயிருக்காகக் கட்டிய தொட்டியில் தாவரச் செல்லை அப்படியே விடக்கூடாது. ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். தாவரச் செல்லுக்கு ஒன்றிலிருந்து பல நாட்கள் வரை ஆகும். அவ்வளவு நாளும் ஒரு கிருமிகூட உள்ளே நுழையக்கூடாது. தாவரச் செல் பாக்டீரியாவைவிடப் பல பத்து மடங்கு பெரியது, உள்ளே நீர் நிரம்பிய பெரிய நுண்குமிழ்; வேகமாகச் சுழலும் துடுப்பில் அடிபட்டுக் கிழிந்துவிடும். அதனால் மெதுவான அகலத் துடுப்பு, அல்லது துடுப்பே இல்லாமல் காற்றுக்குமிழியால் கலக்கும் தொட்டி. மயிர்வேரில் சிக்கல் வேறு: வேர்கள் பின்னிப் பந்தாகிவிடும், பந்தின் நடுவே ஆக்சிஜன் போகாது, வெளியே வெள்ளையாக இருக்கும்போதே உள்ளே அழுகத் தொடங்கும்.

அளவு பெரிதாவதைவிடப் பயமுறுத்துவது காலப்போக்கில் செல்லின் குணம் மாறுவது. நன்றாகப் பொருள் தந்த செல் வரிசை, மறுவளர்ப்பு செய்யச் செய்ய மெல்ல மெல்லக் கைவிடும். பொருள் செய்வதில் ஆற்றலைச் செலவழிக்காத செல் வேகமாகப் பிரியும், நாம் ஒவ்வொரு முறையும் அறியாமலே அதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். மரபணுவில் வரும் மாற்றங்களும் சேர்ந்துகொள்ளும். நல்ல வரிசை கையில் கிடைத்த அன்றைக்கே அதன் ஒரு பகுதியை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிட வேண்டும். நன்றாகத்தானே போகிறது என்று தள்ளிப்போட்டால் திரும்பப் போக இடமிருக்காது.

செல் வளர்ப்பில் வரும் மருந்து தாவரத்தின் சொந்தப் பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. கோஷே என்ற பரம்பரை நொதிக்குறை நோய்க்கான டாலிகுளூசெரேஸ் என்ற மனித நொதியை இஸ்ரேலின் புரோட்டாலிக்ஸ் நிறுவனம் கேரட் செல்களில், பெரிய பிளாஸ்டிக் பைகளில் தயாரிக்கிறது. 2012இல் அமெரிக்க அனுமதி பெற்றது. இந்த நொதி நோயாளியின் பெருவிழுங்கிச் செல்லுக்குள் போக, அதன் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் மேனோஸ் என்ற சர்க்கரை இருக்க வேண்டும். விலங்குச் செல்லில் தயாரித்தால் அதற்குத் தனியாக நொதி கொண்டு சீவ வேண்டியிருக்கும். கேரட் செல்லோ நுண்குமிழுக்கு அனுப்பும் புரதத்தில் மேனோஸை நுனியிலேயே வைத்துக் கொடுத்துவிடுகிறது.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். சேஜ் செடியின் செல்கள் உலர் எடையில் 36 சதவீதம் வரை ரோஸ்மரினிக் அமிலம் செய்ததாகப் பதிவு உண்டு. அபாரமான விளைச்சல். ஆனால் ரோஸ்மேரி இலையிலிருந்தே மலிவாக எடுக்க முடிகிற பொருளுக்கு யார் தொட்டி கட்டுவார்கள்? செடி அரிதாக, மெதுவாக வளர்வதாக இருக்க வேண்டும். மூலக்கூறு வேதிமுறையில் செய்ய முடியாதபடி சிக்கலாக இருக்க வேண்டும். விலை மிக அதிகமாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் முயற்சி செய்யலாம்.

ஆய்வாகவோ திட்டப் பணியாகவோ தொடங்குகிறீர்கள் என்றால் இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். 'மொத்த பீனால் கூடியது, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு கூடியது' என்று நிறச் சோதனையோடு நிறுத்தாதீர்கள்; நீங்கள் தேடும் மூலக்கூறையே தூய மாதிரிப் பொருளோடு ஒப்பிட்டு எச்பிஎல்சியில் அளந்து காட்டுங்கள், செல்லில் மட்டுமல்ல, வடித்த ஊடகத்திலும். அடுத்து, 'தூண்டி சேர்த்ததில் பத்து மடங்கு கூடியது' என்று எழுதும் முன், அந்தப் பத்து மடங்கு தாய்ச்செடியின் வேரிலோ இலையிலோ இருப்பதைத் தொடுகிறதா என்று பாருங்கள். தூண்டாத கல்லஸில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாதபோது பத்து மடங்கு என்பது எளிதாக வந்துவிடும். ஒரு கிராம் செல்லில் எவ்வளவு என்பதோடு, ஒரு லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்றும் கணக்குப் போடுங்கள். தொழிற்சாலைக்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.